கிட்வேயிலிருந்து ஒரு பதில்

11-7-87, சனி

சாம்பியா தலைநகர் லுசாகாவிலிருந்து உறை வந்துவிட்டது. தபால்காரர் ராசு கையில் கொடுக்கும்போதே, "ஸ்டாம்புல மானு போட்டுக்கீது டீச்சர். அத மட்டும் எனக்குக் குடுத்துடுங்க" என்றார். கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் படித்தேன். கிட்வே ஊரில் முன்பு நான் இருந்த அதே பள்ளி. அதே வணிகவியல், அதே பூகோளம். ஜனவரி முதல் இரண்டு வருட ஒப்பந்தம். சம்மதமா இல்லையா என்று செப்டம்பர் முப்பதுக்குள் தந்தி கொடுக்க வேண்டுமாம்.

தம்பி செல்லமுத்து கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவன், காலைக்கூடக் கழுவாமல் கேட்டான். "மறுபடியுமா? ஏழு வருசம் ஆப்பிரிக்காவுல கெடந்தது போதாதா அக்கா? அங்க காசுக்கே மதிப்பு இல்லன்னு நீதான சொல்லிக்கினு இருந்த?"

அவன் மனைவி பாப்பாத்தி அடுப்படியிலிருந்தே, "அண்ணி போயிட்டா இந்த வூட்ல எனக்குப் பேச்சுக்கு யாரு இருக்கா?" என்றாள். கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். நாற்பத்தொரு வயதில் கல்யாணம் காட்சி இல்லாமல் தம்பி வீட்டு மாடியறையில் இருப்பவள் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாது.

போக ஆசையா என்றால், ஆசைதான். நெஞ்சு கொள்ளாத ஆசை. ஆனால் புவால்யாவுக்கு மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தப் பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அவள். அவள் மேசையைத் தாண்டித்தான் வகுப்புக்கே போக முடியும். அவள் முகம் கொடுக்காத இடத்தில் இரண்டு வருடம் எப்படி இருப்பது? அவள் ஒரு வரி எழுதினால் போவேன். இல்லாவிட்டால் இல்லை.

12-7-87

டிசம்பரில் நடந்ததை இந்த வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இதில்கூட எழுதியதில்லை. இன்றும் வேண்டாம்.

26-7-87, ஞாயிறு

மழை விட்டதும் மொட்டைமாடியில் நின்றேன். கல்வராயன் மலை கழுவிவிட்ட மாதிரி நீலமாகத் தெரிந்தது. கிட்வேயிலும் ஒரு மலை உண்டு. சாமி படைத்ததல்ல, தாமிரம் உருக்கிய கசடைக் கொட்டிக் கொட்டி மனிதர்கள் படைத்தது. கரேல் என்று இருக்கும். சாயங்காலம் சூடான கசடைக் கவிழ்க்கும்போது சரிவில் சிவப்பாக ஒழுகும். புதிதாகப் போனபோது தீப்பிடித்துவிட்டது என்று பதறி அலுவலகத்துக்கு ஓடினேன். புவால்யா டைப் அடிப்பதை நிறுத்தாமலே, "மிஸ் செல்வி, அதுதான் உங்கள் சம்பளம், ஒழுகட்டும்" என்றாள். செந்தமிழ்ச்செல்வி என்ற பெயரை அங்கே யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அப்பா கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

ஆமாம், எல்லாம் தாமிரம்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தார்ச்சாலை, நான் எழுதிய சாக்பீஸ் வரைக்கும். எழுபதுகளின் நடுவில் லண்டனில் தாமிரம் விலை சரிந்தது. அதிலிருந்து நாடே படியிறங்கியது. நான் போன எழுபத்தொன்பதில் சோப்புக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. ஆளும் கட்சி ஒன்றே ஒன்று. கடையில் சாமான் கேட்டால் கட்சி அட்டை இருக்கிறதா என்பார்கள். ஆனாலும் எழுபத்துச் சொச்சம் இனங்களை ஒரே நாடாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். இங்கே ஒரு ஊருக்குள் ஊர், காலனி என்று இரண்டு கட்டி வைத்திருக்கும் நாம் அவர்களைக் கேலி பேசக்கூடாது.

புவால்யாவுக்கு என் வயது. புருஷன் சுரங்க விபத்தில் போய்விட்டான். ஒரே மகன் முலேங்கா. முதல் மாதமே என்னை வீட்டுக்கு அழைத்துப்போய் மக்காச்சோள மாவில் களி கிண்டிப் போட்டாள். நிஷிமா என்பார்கள். நம்ம கேழ்வரகுக் களிக்கு வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி. தொட்டுக்கொள்ள நெத்திலி போன்ற பொடிக் கருவாடு. கையால் உருட்டிக் குழி செய்து நான் தின்றதைப் பார்த்து, "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று அசந்துபோனாள். எங்க அப்பன் பாட்டனெல்லாம் தின்னதுதான் என்றேன். அன்றிலிருந்து ஞாயிறு மதியம் அங்கேதான் சாப்பாடு. ஏழு வருடம். எத்தனை ஞாயிறு ஆகியிருக்கும்!

இன்று ஞாயிறு. பாப்பாத்தி கோழிக்குழம்பு வைத்தாள். நல்ல குழம்புதான். பாதியில் கை கழுவிவிட்டேன்.

11-8-87, செவ்வாய்

கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் இன்று ப்ளஸ் டூவுக்கு 'வளரும் நாடுகள்'. பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்காவுக்கு அரைப்பக்கம். புத்தகத்தை மூடிவிட்டு நாற்பது நிமிடம் சாம்பியாவைச் சொன்னேன். கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை, எண்பத்தைந்து அக்டோபரிலிருந்து வாராவாரம் டாலர் ஏலம், ஒரு டாலருக்கு இரண்டு க்வாச்சா என்றிருந்தது ஒன்றரை வருடத்தில் இருபதைத் தொட்டது, இந்த மே மாதம் நீயும் வேண்டாம் உன் நிபந்தனையும் வேண்டாம் என்று நாடே கை உதறியது. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

கடைசி பெஞ்சில் மலர்விழி என்று ஒருத்தி. சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். எழுந்து கேட்டாள்: "அந்த ஊர்ல ரேஷன் கடை இல்லியா டீச்சர்?"

கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினேன். மணி அடித்தது, தப்பித்தேன்.

சரி. எழுதிவிடுகிறேன்.

போன டிசம்பர் நாலாம் தேதி, வியாழன். அரசாங்கம் நைஸ் மாவுக்குக் கொடுத்த மானியத்தை எடுத்தது. அதன் விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல். கொரகொரப்பு மாவு, அதாவது ஏழைகளுடைய மாவு, பழைய விலையிலேயே கிடைக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அலுவலகத்தில் எல்லோரும் கடைக்கு ஓடத் தயாரானார்கள். நான் எழுந்து நின்று வகுப்பெடுத்தேன். "யாரும் ஓடாதீங்க. பதுக்கினால்தான் தட்டுப்பாடு வரும். அரசாங்கம் சொன்னால் வரும். எங்கள் ஊரில் ரேஷன் அரிசி ஒரு வாரம் தள்ளிப் போகுமே தவிர வராமல் போனதில்லை." புவால்யாவிடம் தனியாகவும் சொன்னேன். "சம்பளம் வந்ததும் மெதுவா வாங்கிக்கோ, நான் சொல்றேன்" என்று.

ரேஷன் கார்டில் வளர்ந்த புத்தி! நம் ஊரில் அரிசியை எடுத்துவந்து கடையில் இறக்குவதே அரசாங்கம். அங்கே மாவு அரைப்பது மில்காரன். கொரகொரப்பு மாவில் அவனுக்கு நஷ்டம், மானியப் பணம் கைக்கு வருமா என்று தெரியாது. அவன் அரைப்பதையே நிறுத்திவிட்டான். சனி, ஞாயிறு கடைகள் காலி. திங்களன்று கலவரம். செவ்வாய்க்கிழமை முலேங்காவுக்கு முழங்காலில் குண்டு பாய்ந்தது. பதினேழு வயது. எங்கிருந்து வந்த குண்டு என்று யாரும் சொல்லவில்லை. வியாழனன்று அரசாங்கம் விலையேற்றத்தை ரத்து செய்தது. பிள்ளைக்கு முழங்கால் போன பிறகு.

அவன் மாவு தேடித்தான் போயிருப்பான். வீட்டில் மாவு இல்லாததற்குக் காரணம் நான்.

இருபதாம் தேதி என் விமானம். ஒப்பந்தம் முடிந்திருந்தது. புவால்யா ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். நான் போகவில்லை. ஊரடங்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எந்த முகத்தோடு போவது? "நான் சொல்றேன்" என்ற வாயைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியுமா?

12-8-87

எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

30-8-87, ஞாயிறு

செல்லமுத்து சாதிச் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்தான். அடுத்த மாதம் பதினேழு முதல் ஒரு வாரம் சாலை மறியல். படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டம் முழுக்க.

"அப்பா காலத்துலருந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிக்கினுதான் இருக்கோம். நம்ம தெருவுல ஒருத்தன் ஆபீஸ்ல பேனா புடிச்சி உக்காந்துக்கினு இருக்கானா, சொல்லு? நீ ஒருத்தி படிச்ச. நீயும் கடல் தாண்டிப் பூட்ட. நான் மறியலுக்குப் போவட்டுமா வேணாமா? படிச்சவ நீ சொல்லு அக்கா."

அவன் கேட்பது நியாயம். தாமிரத்துக்கு லண்டனில் விலை வைத்தார்கள், எங்கள் கரும்புக்குக் கோட்டையில் வைக்கிறார்கள். விளைவித்தவனை யாரும் கேட்பதில்லை. ஆனால் ரோட்டில் கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "எனக்கென்ன தெரியும்" என்று எழுந்து வந்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

இனி யாருக்கும் எதுவும் சொல்வதாக இல்லை.

8-9-87

தபால் இல்லை. ராசு என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையாட்டிவிட்டுப் போகிறார்.

17-9-87, வியாழன்

பஸ் இல்லை. சங்கராபுரம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம். எந்தக் காலத்து மரங்களோ. விடியும் முன்னே செல்லமுத்து கோடாலியோடு போய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

18-9-87

ரேடியோவில் துப்பாக்கிச் சூடு, சாவு என்று சொல்கிறார்கள். எந்த ஊர் என்று சரியாகக் காதில் விழவில்லை. பாப்பாத்தி ரேடியோவை நிறுத்தச் சொல்லி அழுதாள். நிறுத்தினால் போடச் சொல்லி அழுதாள்.

20-9-87, ஞாயிறு

செல்லமுத்துவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லாரியில் ஏற்றினார்களாம், உடம்பில் அடி இல்லையாம். உயிரோடு இருக்கிறான் என்பதே இன்றைக்குப் போதும்.

மதியம் காலனியிலிருந்து சின்னப்பொண்ணு கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். நம் கரும்புக்குக் களை எடுப்பவள். நாலு நாளாக அவர்கள் தெருவிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. பயம். வேலையும் இல்லை.

"உங்களுக்கு வேணுங்கறத நீங்க கேக்குறீங்க டீச்சர், கேளுங்க. எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சி ரெண்டு நாளாவுது. கடை எப்ப தொறப்பாங்க?"

நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்படித்தான் வருகிறதோ அந்தச் சொல்! "தெரியல சின்னப்பொண்ணு" என்றேன். அரை மரக்கால் அரிசி போட்டேன். சேலை முந்தியில் வாங்கிக்கொண்டு, "ரோட்டு வழியா போவல, வாய்க்கா ஓரமா பூட்றேன்" என்று போனாள். அவள் சொந்த ஊரில் அவள் ரோட்டில் போக முடியவில்லை. இதை என் தம்பியிடம் சொல்ல வேண்டும். சொல்வேன்.

25-9-87, வெள்ளி

மறியல் முடிந்து பஸ் ஓடுகிறது. செல்லமுத்துவைக் கடலூர் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பாப்பாத்தி, "நாளைக்குப் போலாமா அண்ணி?" என்றாள். மறியலில் விட்ட நாளுக்கு நாளை சனிக்கிழமையும் பள்ளி உண்டு, லீவு தரமாட்டார்கள் என்றேன். அவளைப் பெரியப்பா மகன் ராமசாமியோடு அனுப்புகிறேன்.

லீவு கேட்டால் தருவார்கள். நான் கேட்கவில்லை. அவன் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லாதவள், இப்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று என்ன சொல்வது?

28-9-87, திங்கள்

இன்னும் இரண்டே நாள். முடிவு செய்துவிட்டேன். வர இயலாது, மன்னிக்கவும் என்று தந்திக்கு வாசகம் எழுதி வைத்தாயிற்று. நாளை பள்ளி விட்டதும் தந்தி ஆபீஸ்.

என் கிட்வே அவ்வளவுதான். அந்த ஊதாப்பூ மரங்கள், பாலிஷ் போட்ட சிவப்புத் தரை, மார்க்கெட்டில் "முலிஷானி" என்று நலம் கேட்காமல் விலை சொல்லாத பெண்கள், எல்லாம் அவ்வளவுதான். ச்சே, எழுதும்போதே கண் முட்டிக்கொண்டு வருகிறது.

29-9-87, செவ்வாய்

தந்தி ஆபீஸ் வாசலில் ராசு சைக்கிளை நிறுத்திக் கூப்பிட்டார். ஒரு வாரத்து மூட்டைகள் இன்றுதான் வந்தனவாம். "மானு ஸ்டாம்பு வந்துக்கீது டீச்சர்." நான் அவசரமாக உறையைக் கிழிப்பதைப் பார்த்து, ஸ்டாம்பைக் கேட்காமலே போய்விட்டார்.

அங்கேயே படியில் உட்கார்ந்து படித்தேன். டைப் அடித்த கடிதம். ஒரு பிழை இல்லை. அவள் கோபமாக இருந்தால் பிழையே வராது. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை படித்தேனோ, இப்போது மனப்பாடம். தமிழில் எழுதி வைக்கிறேன்.

"செல்வி, உன் மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றிலும் மாவு, மாவு, மாவு. நீ வாங்காதே என்று சொன்ன அன்று சாயங்காலமே நான் போய் ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். உன்னிடம் சொன்னால் இரண்டு மணி நேரம் பாடம் எடுப்பாய் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஜனவரி வரை அதைத்தான் சாப்பிட்டோம். ஏழு வருடத்தில் நீ சொன்னதைக் கேட்டு நான் எதை வாங்காமல் இருந்தேன்?

"முலேங்கா மாவுக்காகப் போகவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனான். அவன் சிநேகிதர்கள் போனார்கள், அவனுக்கும் கோபம் இருந்தது, போனான். நான் பெற்றவன், நான் சொல்லியே நிற்கவில்லை. நீ சொல்லியா போவான்?

"ஆனால் ஆஸ்பத்திரிக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் நாலே தெரு. ஊரடங்கு இரவில் மட்டும்தான். பதினோரு நாள். செல்வி வருவாள் என்று தினமும் பார்வை நேரத்தில் நர்ஸிடம் இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு வைத்தேன். பிறகு நீ விமானம் ஏறிவிட்டாய் என்று பியூன் வந்து சொன்னான். அதைப் பற்றி உன் மூன்று கடிதங்களில் ஒரு வரி இல்லை. அதனால்தான் நானும் எழுதவில்லை. நீ வரப்போவதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். வந்தால் நேரில் திட்டுகிறேன். டைப் அடித்தால் சத்தம் வராது."

முதலில் சிரித்தேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கட்டிலுக்கு அடியிலா! நான் என்னவோ என் ஒரு சொல்லில் ஒரு குடும்பம் கவிழ்ந்தது என்று ஒன்பது மாதமாக நெஞ்சில் தூக்கிச் சுமந்திருக்கிறேன். என் பேச்சை யாரும் கேட்கவே இல்லை. பெரிய இவ நான்!

அப்புறம் அந்த நாற்காலி. பதினோரு நாளு போட்டு வெச்சிருக்கா. நாலு தெருவு. நடந்து போயி ஒக்காந்திருந்தா போதும். ஒண்ணும் பேசவே வேணாம். அதச் செய்யாம, செய்யாத தப்புக்கெல்லாம் லெட்டரு எழுதிக்கினு இருந்திருக்கேன்.

எழுதி வைத்திருந்த தந்தி வாசகத்தைக் கிழித்துப் போட்டேன்.

30-9-87, புதன்

தந்தி கொடுத்தாயிற்று. சம்மதம், ஜனவரியில் வருகிறேன். நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

1-10-87, வியாழன்

கடலூர். பாப்பாத்தி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை உள்ளே விடமாட்டோம் என்றார்கள், பிறகு விட்டார்கள். செல்லமுத்து தாடியோடு வந்து நின்றான். "நீ வரமாட்டன்னு நெனச்சேன்" என்றான். மரம் வெட்டியதில் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"அன்னிக்கு நான் போகாதன்னு சொல்லியிருக்கணும்டா" என்றேன்.

"சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் அக்கா. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

சின்னப்பொண்ணு வாய்க்கால் ஓரமாகப் போனதைச் சொன்னேன். கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்வை நேரம் முடிந்தும் வார்டர் இரண்டு முறை சொல்லும் வரை நகரவில்லை நான்.

9-10-87

செல்லமுத்து வீடு வந்துவிட்டான். கரும்பு காய்ந்ததற்கு என்னைத் திட்டுகிறான்.

10-1-88, ஞாயிறு. கிட்வே.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே புவால்யா வீடு. கதவைத் திறந்தவள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "செருப்பைக் கழற்று, இப்போதுதான் தரை பாலிஷ் போட்டேன்" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நான் வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவள் அரைமணி நேரம் திட்டினாள். எனக்குப் புரிந்தது பாதி, அவள் மொழியில் பாதி. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

முலேங்கா உள்ளேயிருந்து வந்தான். வளர்ந்துவிட்டான். இடது கால் மடங்குவதில்லை, வீசி வைத்து நடக்கிறான். என் கண் அங்கேயே போவதைப் பார்த்து, "உங்கள் தம்பியும் மறியலுக்குப் போனார் என்று எழுதியிருந்தீர்களாம், அம்மா சொன்னாள். கேட்டது கிடைத்ததா?" என்றான்.

"இன்னும் இல்லை."

"எங்களுக்குக் கிடைத்தது. விலை இறங்கிவிட்டது. மாவுதான் கிடைப்பதில்லை" என்று சிரித்தான்.

நிஷிமா சின்ன உருண்டையாகத்தான் இருந்தது. மூன்று பேரும் பங்கிட்டுக்கொண்டோம். கை கழுவும்போது புவால்யா, "வீட்டில் மாவு இத்தோடு சரி. காலை ஐந்து மணிக்கு நான் வரிசைக்குப் போகிறேன். நாளைக்கு லாரி வருமா மிஸ் செல்வி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, துண்டை நீட்டியபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது" என்றேன்.

அப்போதுதான் சிரித்தாள். ஒரு வருடத்துச் சிரிப்பு, அடுப்படியே அதிரும்படி.

நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.